தீபம் மலையேறிவிட்டது

கார்த்திகை நோம்பிக்கு முந்தின நாள் பொழுது சாயும்வரை சிங்காநல்லூர் நூல் குடோனில் பேல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசி லாரி இன்றைக்கு வராது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வந்தது. அதையும் இறக்கிப்போட்டுத்தான் தாராபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார இடம் இருந்தது. ஆனால் என் இடது முட்டி மடக்கினால் நீளாது, நீட்டினால் மடங்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினேன்.

விடிந்தால் இரண்டு மலை ஏறவேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூத்தவள் மலை, இளையவள் மலை என்று இரண்டு மலைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ரோட்டில் போகிறவர்கள் கரடு என்பார்கள். ஏறி இறங்கினவர்கள் மலை என்றுதான் சொல்வார்கள். இரண்டு உச்சியிலும் ஆத்தா இருக்கிறாள், அக்காளும் தங்கச்சியுமாக. மூத்தவள் காலடியில் எங்கள் ஊர் கல்லுக்குழி. இளையவள் காலடியில் வேலாங்காட்டுப்புதூர். நடுவில் முள்ளும் கல்லுமாக ஒரு கணவாய்.

நோம்பியன்று மூத்தவளுக்கு உச்சிப்பொழுதில் தீபம் போடுவோம். அதிலிருந்து ஒரு லாந்தரில் நெருப்பெடுத்துக்கொண்டு இறங்கி, கணவாயைத் தாண்டி இளையவள் மலையேறி, பொழுது விழுகிற நேரத்துக்கு அவளுக்குப் போடவேண்டும். அது தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுச் சீர். மூத்தவளின் தீபம் எரிந்துகொண்டிருக்கும்போதே இளையவளுக்குப் பற்றவேண்டும் என்பது ஊர்க்கட்டு. நடுவில் மூத்தவளின் தீபம் போய்விட்டால் கையிலிருக்கும் நெருப்பு செல்லாது. அதை அமர்த்திவிட்டுத் திரும்பிப் போய்ப் புது நெருப்பு எடுத்துவர வேண்டும்.

கல்லுக்குழியிலிருந்து புதூருக்குக் கடைசியாகப் பெண் கொடுத்த தகப்பன்தான் சீர் சுமக்கவேண்டும். போன தை மாதம் என் மகள் சண்முகப்பிரியாவைப் புதூர் கிருபாசங்கருக்குக் கொடுத்தேன். அதனால் இந்த வருஷம் என் முறை.

பஸ்ஸில் நிற்கும்போதே பிரியா போன் செய்தாள்.

"அப்பா, முட்டி எப்படி இருக்குதுங்க?"

"இருந்த எடத்துலயேதான் இருக்குது."

"வெளையாடாதீங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

"முடியலைன்னா என்ன பண்ணுவே?"

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டனுங்கப்பா. எங்கப்பா நடந்தே வருவாரு, கொண்டார்றது நெச நெருப்பா இருக்கும்னு. அதுக்கு எங்கத்தை, பாக்கலாம் பாக்கலாம்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க."

அவள் அத்தை, அதாவது மாமியார், பழனியாத்தாள். அந்தம்மாளும் கல்லுக்குழியில் பிறந்தவர்தான். அவர் கல்யாணமான வருஷம் அவருடைய அப்பன் சீர் கொண்டுபோனார். வழியில் வழுக்கி விழுந்து லாந்தர்க் கண்ணாடி உடைந்தது, நெருப்பும் போயிற்று. மனுஷன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசிக்கொண்டார். பாறை மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் அதைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு ஒட்டியது பேர். பழனியாத்தாள் என்றால் புதூரில் பாதிப்பேருக்குத் தெரியாது, தீப்பெட்டி என்றால் தெரியும். ரேஷன் கடையில் நின்றாலும், "தீப்பெட்டி வந்துருச்சு, வழி உடுங்கப்பா" என்பார்கள். அப்பன் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. பேர் சாகவில்லை.

என் மகள் மேல் அப்படி ஒரு பேர் ஒட்டினால் அதைச் சுரண்டி எடுக்க என்னால் ஆகாது. தனக்கு ஒரு துணை கிடைக்கட்டும் என்றுதான் அந்தம்மாள் பாக்கலாம் பாக்கலாம் என்கிறார் என்று நினைத்தேன்.

காலையில் மூத்தவள் மலையேறினோம். பூசாரி சுப்பையன் முன்னால், தீபக் கொப்பரையும் எண்ணெய்க் குடமும் தூக்கினவர்கள் நடுவில், நான் கடைசியில். எனக்குத் துணையாக சபரீஷ் பின்னால் வந்தான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, போன மாதம்தான் நோம்பிக் கமிட்டியில் சேர்ந்தவன். நல்ல பையன்தான். காலில் தடித்த ஷூ, கையில் மடக்குகிற தடி.

"மாமா, ஒரே நாள்ல ரெண்டு உச்சிங்க. இதுக்காகவே ஆளுக காசு கட்டி இமயமலை போறாங்க."

"என்னைய அனுப்பிச்சுட்டு அவிகளை இங்க வரச்சொல்லு சாமி."

"ஒவ்வொரு அடியும் என்ற வாட்ச்சுல ஏறுதுங்க, பாருங்க."

"என்ற முட்டியிலயும் ஏறுது. சத்தங் கேக்கலையா?"

அவன் சிரித்தான். கொப்பரை உச்சியைத் தொட்டதும் பாறை விளிம்புக்குப் போய்ப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சிம்முக்கு அங்கே மட்டும் ஒரு கோடு டவர் வருமாம். கமிட்டி குரூப்புக்குச் சேதி போட்டுக்கொண்டிருந்தான். என் போனில் டவரே இல்லை. எனக்கு அதைப் பற்றி அக்கறையும் இல்லை. எட்டின கல்லில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

உச்சிப்பொழுதுக்குத் தீபம் போட்டார்கள். வெயிலில் தீபம் பார்க்க ஒன்றுமே இருக்காது. கொப்பரைக்கு மேல் காற்று நெளிவது மட்டும் தெரியும். சுப்பையன் ஒரு குச்சியில் நெருப்பெடுத்து என் லாந்தரில் வைத்தார். சீர் சுமக்கிறவன் தனியாகத்தான் போகவேண்டும், சபரீஷ் மேலேயே நின்றுகொண்டான்.

"அலுங்காமப் போ ஆறுச்சாமி. தங்கச்சி காத்துட்டிருப்பா."

ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. குடோனில் மூட்டையோடு பலகையில் ஏறும்போது தோள்தான் வலிக்கும். வெறுங்கையோடு இறங்கும்போதுதான் முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியும். மலையும் அப்படித்தான். லாந்தரை வலது கையில் பிடித்து, இடது கையால் பாறையைத் தொட்டுத் தொட்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். கணவாயில் ஒற்றை வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியில் லாந்தரை வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். இனி இளையவள் மலை ஒன்றுதான். பொழுது இன்னும் மேலேதான் இருந்தது. கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டுக்கூடப் போகலாம்.

அப்போது மடியிலிருந்த போன் கத்தியது. கணவாயில் என் சிம்முக்கும் டவர் வந்திருக்கிறது. கமிட்டி குரூப்பில் சேதி.

நான் எழுத்துப் படித்தது பிரியா இரண்டாம் வகுப்பு போனபோது. அவள் வீட்டுப்பாடம் எழுத எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதினேன். என் தலையில் அப்போதே பாதி நரை. இன்றைக்கும் எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துத்தான் படிப்பேன். மேலே சின்னதாக நேரம் போட்டிருப்பார்கள், அதையெல்லாம் பார்க்கிற பழக்கம் கிடையாது. படித்தேன்.

'மூத்தவள் மலை தீபம் மலையேறிவிட்டது.' பக்கத்தில் கும்பிடுகிற கைப் படம். அனுப்பினது சபரீஷ்.

இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தேன். அதேதான்.

எங்கள் வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது என்று வாயால் சொல்லமாட்டோம். வீட்டுக்கு ஆகாது. மலையேறிவிட்டது என்போம். வந்திறங்கின சாமி போனாலும் மலையேறிவிட்டது என்போம். ஆக மூத்தவளின் தீபம் போய்விட்டது. நான் இறங்குகிற நேரத்துக்குள் காற்று அடித்திருக்கும். தாராபுரத்துப் பக்கம் கரண்டு எடுக்கிற காற்றாடிகள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

அண்ணாந்து பார்த்தேன். உச்சிப்பாறை மறைத்தது. மறைக்காவிட்டாலும் அந்த வெயிலில் எதுவும் தெரிந்திருக்காது. சபரீஷைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம், ஒரு பெண் சொன்னாள்.

லாந்தர் என் பக்கத்தில் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. நல்ல நெருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதைக் கொண்டுபோனால் யாருக்குத் தெரியும்? பாறை மேல் ஆட்டுக்காரன்கூட இல்லை. ஆனால் சேதி குரூப்பில் வந்திருக்கிறது. புதூர்க்காரர்களும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். சாயங்காலம் எவனாவது ஒருத்தன், மூத்தவ தீபம் போனதுக்கப்புறம் இவரு எந்த நெருப்பைக் கொண்டாந்தாரு என்று கேட்டால் முடிந்தது. தீப்பெட்டிக்குப் பக்கத்தில் லாந்தர் என்று என் மகளுக்கும் ஒரு பேர். அவள் ரேஷன் கடை வரிசையில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

திருகைத் திருப்பித் திரியை உள்ளே இறக்கினேன். நெருப்பு சுருங்கி நீலமாகி மறைந்தது. வாயால் ஊதவில்லை, அது பாவம்.

பிறகு எழுந்தேன். எழுந்தேன் என்று சொல்வது சுலபம். முதலில் புரண்டேன், மரத்தைப் பிடித்தேன், காலைக் கையால் தூக்கி வைத்தேன்.

ஒரு நாளில் ஒரே மலையை இரண்டாம் தடவை ஏறுகிறவனுக்கு வழி முழுக்கத் தெரியும். அதுதான் வினை. முதல் தடவை இந்த வளைவுக்கு அந்தப் பக்கம் நிழல் இருக்கும் என்று நம்பலாம். இப்போது இல்லை என்று தெரியும். காலையில் நான் கை வைத்த பாறைகளிலேயே கை வைத்தேன், சூடாகியிருந்தன. தண்ணீர் தீர்ந்துவிட்டது. சில இடங்களில் லாந்தரை மேலே உள்ள கல்லில் வைத்துவிட்டு, அதை எடுப்பதற்காக ஏறினேன். மாட்டுக்குப் புல்லுக்கட்டைக் காட்டுவது மாதிரி.

உச்சிக்கு வந்தபோது சுப்பையன் கோயில் நிழலில் சம்மணம் போட்டுத் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தார். சபரீஷ் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஏனப்பா, எதையாச்சும் மறந்துபோட்டயா?" என்றார் சுப்பையன்.

நான் கொப்பரையைப் பார்த்தேன். கிட்டே போய்க் கையைக் காட்டினேன். சுட்டது.

"எப்பங்க மறுபடியும் பத்தவெச்சீங்க?"

"மறுபடியுமா? போட்டது போட்டபடி எரியுது."

"மலையேறிருச்சுன்னு சேதி வந்துச்சே."

சுப்பையனின் கை இலையிலேயே நின்றது. "எவன் சொன்னான்?"

"நாந்தானுங்க," என்றான் சபரீஷ். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. "காலையில கொப்பரைய மேல கொண்டாந்து சேத்தமில்லீங்க, அப்பப் போட்டேன். தீபம் மலையேறிவிட்டதுன்னு."

"மலை மேல வந்து சேந்துருச்சுன்னு சொன்னயா?"

"ஆமாங்க. மலை ஏறிருச்சு. சரியாத்தானுங்க எழுதிருக்கறேன்?"

சுப்பையன் என்னைப் பார்த்தார், கையில் இருந்த லாந்தரைப் பார்த்தார். அதில் நெருப்பில்லாததும் அவருக்குப் புரிந்தது. "அட கெரகமே. ஏன் சாமி, வெளக்கு மலையேறிருச்சுன்னா என்னன்னு உங்கூட்டுல யாரும் சொல்லித் தல்லையா?"

"எங்கூட்டுல எல்லாம் எல்.இ.டி. லைட்டுங்க," என்றான். பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. எழுந்து நின்றுவிட்டான். "ஐயோ, மாமா. அமத்திப்போட்டீங்களா? குடுங்க, நான் ஓடிப்போய்க் குடுத்துபோட்டு வாரேன். எனக்கு ஒரு மணி நேரந்தான்."

"நீ எந்தப் புள்ளைய அந்தூருக்குக் குடுத்தே?" என்றார் சுப்பையன். "உனக்கே இன்னும் எவனும் குடுக்கல. உக்காரு."

கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "தண்ணி குடு கண்ணு," என்று மட்டும் சொன்னேன். அவன் பாட்டிலைத் திறந்து நீட்டினான். என் போனுக்கு வந்த அதே சேதியை எடுத்துக் காட்டினேன். மேலே காலை நேரம்தான் போட்டிருந்தது. அதைப் பார்த்திருந்தால் இவ்வளவும் இல்லை. அவன் மேல் பாதி, என் மேல் பாதி.

"அந்தச் சேதி புதூர்க்காரங்களுக்கும் போயிருக்குமே," என்றேன்.

சபரீஷ் போனைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு ஓடினான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டான், இன்னும் யார் யாரையோ கூப்பிட்டான். ஒருத்தரும் கிடைக்கவில்லை. இளையவள் மலையிலும் டவர் கிடையாது. எல்லோரும் மேலே ஏறியிருப்பார்கள்.

சுப்பையன் மறுபடி நெருப்பு வைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை அலுங்காமப் போ என்று அவர் சொல்லவில்லை. "உருண்டாவது போய்ச் சேரு" என்றார்.

இரண்டாம் தடவை இறங்கியதைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. பாதி வழி உட்கார்ந்தே நகர்ந்தேன். வேட்டி பின்பக்கம் கிழிந்தது. கணவாயில் வேப்பமரத்தைத் தாண்டும்போது அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன்.

இளையவள் மலையில் கால் வைத்தபோது காற்றாடிகளின் நிழல் காடு முழுக்க நீண்டு கிடந்தது. பொழுது விழுந்ததும் புதூர்க்காரர்கள் காத்திருக்கமாட்டார்கள். பொம்பளைகளும் குழந்தைகளும் இருட்டுவதற்குள் இறங்கவேண்டும். தீபம் போடாமல் இறங்கவும் முடியாது. அந்த மலையில் கோயில் காரியம் பார்ப்பவர் வரதராஜுலு. நியாயமான மனுஷன், ஆனால் நேரம் தவறமாட்டார். பொழுது விழுந்தால் தீப்பெட்டியை எடுத்து உரசிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூத்தவளின் தீபம் போய்விட்டது என்று அவருக்குச் சேதியும் வந்திருக்கும்.

ஏறிக்கொண்டே உச்சியைப் பார்த்தேன். மேலே வெளிச்சம் தெரிந்தால் உரசிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆத்தா, அங்கே வெளக்கு எரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஏறினேன். கார்த்திகை அன்றைக்கு அப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பொழுது விழுந்தது. கீழே புதூரில் வாசலுக்கு வாசல் விளக்கு முளைத்தது. திரும்பிப் பார்த்தால் மூத்தவளின் தீபம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. அணையவில்லை என்று ஊர் முழுக்க இப்போது பார்க்கலாம். முன்னால் மட்டும் இருட்டு.

இருட்டாகவே இருக்கட்டும். ஆனால் ஆளே இல்லாத இருட்டாகப் போய்விட்டால்?

கடைசிப் பாறைக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினேன். லாந்தரை மேலே தூக்கிக் காட்டினேன். மேலே யாரோ, "லாந்தர் வருது" என்றார்கள். பிறகு மெட்டிச் சத்தம். பிரியா பாறைமேல் வந்து நின்றாள்.

"அப்பா."

"நெச நெருப்புதான் கண்ணு," என்றேன்.

அவள் கை கொடுத்தாள். லாந்தரை மட்டும் தொடவில்லை, தொடக்கூடாது. ஒரு கையில் அவள், ஒரு கையில் நெருப்பு. மேலே பத்திருபது பேர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் தூங்கியிருந்தன. வரதராஜுலு எழுந்து வந்து லாந்தரைப் பார்த்தார், அந்தப் பக்கம் மூத்தவளின் தீபத்தைப் பார்த்தார்.

"அது எரியுதேப்பா. மலையேறிருச்சுன்னு சேதி வந்ததா, மத்தியானத்துக்கு மேல ஏறி வந்த பசங்க சொன்னானுகளே?"

"காலையில கொப்பரை மலையேறினதைச் சொன்னானாமுங்க அந்தப் பையன்," என்றேன். "கணவாய்ல சேதியப் பாத்துப்போட்டு, இருந்த நெருப்ப அமத்திப்போட்டு, திரும்ப ஏறிப் போயி எடுத்துட்டு வாரேன்."

அத்தனை பேரும் எதிர் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கிருபாசங்கர்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப மூணு மலைங்களா மாமா?" என்றார். பிரியா சிரிக்கவில்லை. பழனியாத்தாளும் சிரிக்கவில்லை. கோயில் சுவரோரம், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

இளையவளுக்குத் தீபம் போட்டேன். குச்சியைக் கொப்பரையில் வைக்கக் குனிந்தேன், முட்டி மடங்கவில்லை. பிரியா என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பற்றிக்கொண்டது. இருட்டில் போட்டதால் ஒரேயடியாக எல்லா முகங்களும் தெரிந்தன. கீழே புதூரிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. இத்தனை நேரம் அவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை போனை எடுத்தார். "கீழ போனதும் குரூப்புல போட்டுர்றனுங்க. என்னன்னு எழுதட்டும்?"

"எரியுதுன்னு எழுதுங்க மாப்ள. அந்த ஒரு வார்த்தை போதும்."

வரதராஜுலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. பொழுது உளுந்ததும் பத்தவெச்சரலாம்னுதான் பாத்தேன். தீப்பெட்டியக் காணோம். மத்தியானம் சூடம் பத்தவெச்சுட்டு இந்தக் கல்லு மேலதான் வெச்சேன். இருக்கற பசங்க எவங்கிட்டயும் இல்லைன்னுட்டானுக. பீடி குடிக்கறவனெல்லாம் இன்னைக்குப் பாத்து விரதமாம்."

அவர் எழுந்து போனபிறகு பழனியாத்தாள் வந்தார். பிரியா எனக்கு முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். பழனியாத்தாள் இடுப்புச் சேலை மடிப்பை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

"மத்தியானத்துல இருந்து வெச்சுட்டிருக்கறனுங்ணா. கேட்டவனுகளுக்கெல்லாம் தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி வாயி நோகுது."

நான் அந்தம்மாள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏனுங்ணா பாக்கறீங்க? இந்தூருக்கு ஒரு தீப்பெட்டி பத்தாதுங்களா?" என்றார். பிரியாவின் தலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டார். "எந்திரி அம்மணி. உங்கப்பனுக்குக் கட்டுச்சோறு வெச்சிருக்கறேன், எடுத்துட்டு வா. அண்ணா, நீங்க பீடி குடிக்கறதுன்னா கோயிலுக்கு அக்கட்டால போயிக் குடிங்க."

எல்லோரும் இறங்க ஆரம்பித்தார்கள், பிரியா மட்டும் எனக்காக நின்றாள். நான் சோறு தின்றுவிட்டு, கோயிலைத் தாண்டிப் பாறைச் சரிவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். எதிரே மூத்தவள், முதுகுக்குப் பின்னால் இளையவள், இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. காலையில் முதல் ஷிப்டு. எப்படி இறங்குவது என்று தெரியவில்லை. மடியிலிருந்து பீடியை எடுத்தேன். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை உரசினேன். பற்றவில்லை. இன்னொன்றை உரசினேன். மருந்து குழைந்து பெட்டியில் ஒட்டிக்கொண்டது. மத்தியானத்திலிருந்து இடுப்பிலேயே இருந்ததில் பெட்டி முழுக்க வேர்வையில் ஊறிப்போயிருந்தது.

பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, பிரியாவைக் கூப்பிட்டேன், எழுந்து நிற்க.